பத்துச் சதத்தில் தொடங்கிய வங்கி

வங்கிகளின் வரலாறு எழுதப்படும்போது மாளிகைகளின் வரலாறே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. கருங்கல் தூண்களும் இரும்புப் பெட்டகங்களும், அவற்றின் பின்னே இருந்த பெருவணிகக் குடும்பங்களும் நூல்களில் இடம்பெறுகின்றன. பாமர மக்கள் தம் கைச்சல்லியைத் தாமே சேர்த்து, தாமே கணக்கெழுதி, தம்முள்ளேயே கடன் கொடுத்து வாங்கிக்கொண்ட முயற்சிகளோ அடிக்குறிப்புகளில் அடங்கிவிடுகின்றன. அத்தகைய முயற்சியொன்று நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்ற வரலாற்றை இங்கு நோக்கலாம். அது நிகழ்ந்த இடம் கனடாவின் கியூபெக் மாகாணம், சென். லோறன்ஸ் நதியின் தென்கரையில், கியூபெக் நகருக்கு நேரெதிரே அமைந்த லெவி என்னும் சிறுபட்டினம். பனி உறையும் தேசத்துக் கதை பனை வளரும் நாட்டாருக்கு எதற்கு என்று கேட்பவர் சற்றுப் பொறுத்துப் படிப்பாராக. நொத்தாரிசும் அறாவட்டியும் ஊர்ச்சங்கமும் இக்கதையிலும் வருகின்றன.

1759ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை கியூபெக் நகரைக் கைப்பற்றியது. அதன் பின்னர் அங்கு வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் மக்களிடம் நிலமும் கோயிலும் மொழியும் எஞ்சின. பெருவாணிபமும் மூலதனமும் ஆங்கிலம் பேசுவோர் கைக்குச் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொன்றியல் கனடாவின் நிதித் தலைநகராக விளங்கிற்று. ஆயினும் அந்நகரத்துப் பெருவங்கிகளின் படியேறுவதற்கு ஒரு கமக்காரனுக்கோ துறைமுகக் கூலிக்கோ யாதொரு அலுவலும் இருக்கவில்லை. வங்கிகள் வணிகருக்குக் கடன் கொடுத்தன. விதைத் தானியத்துக்கும் ஒரு கறவைப் பசுவுக்கும் வேண்டிய சிறுதொகை அவற்றின் கணக்கில் ஒரு தொகையே அன்று. கமக்காரன் கடன் வேண்டின் கிராமத்து நொத்தாரிசிடம் சென்றான். பணமுள்ளவனையும் பணம் வேண்டியவனையும் உறுதி எழுதி இணைத்து வைத்தவர் அவரே. (நம்மூர் நொத்தாரிசுமாரின் விறாந்தையில் காத்திருந்த அனுபவம் உடையோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.) நகரத்துத் தொழிலாளிக்கோ ஈடு வைக்க நிலமும் இல்லை. அவனுக்குக் கடைக்காரனின் கடன்கொப்பி. அது மூடப்பட்டால் வட்டிக்காரன். நிலப்பஞ்சமும் கடனும் வேலையின்மையும் துரத்த, 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் எல்லை கடந்து ஐக்கிய அமெரிக்காவின் ஆலைகளை நாடிச் சென்றனர்.

இச்சமுதாயத்தில் 1854ஆம் ஆண்டு லெவியில் பிறந்தவர் அல்போன்ஸ் டெஜார்டான். பதினைந்து பிள்ளைகளில் எட்டாமவர். தகப்பனார் நாட்கூலி, தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். டெஜார்டான் உள்ளூர்க் கல்லூரியில் ஓரளவு கற்று, பத்திரிகையாளராகி, பின் மாகாண சட்டசபையின் விவாதங்களை அச்சிட்டு வெளியிடும் தொழிலைப் பத்தாண்டு நடத்தினார். அரசாங்கம் மாறி மானியம் நின்றதும் அத்தொழிலும் நின்றது. சொந்தப் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். அதுவும் சில மாதங்களில் மடிந்தது. 1892இல் ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் பிரெஞ்சு மொழிச் சுருக்கெழுத்தாளராக நியமனம் பெற்றார். பிறருடைய பேச்சைச் சொல் தவறாது எழுதுவதே அவருடைய உத்தியோகம். அந்த உத்தியோகமே அவரை இவ்வழியில் திருப்பியது.

1897ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மைக்கல் குயின் என்ற உறுப்பினர் அறாவட்டியைத் தடுக்கும் மசோதா ஒன்றைச் சபையில் பிரேரித்தார். மொன்றியலில் 150 டொலர் கடன் பெற்ற ஒருவன், வட்டியாக மட்டும் 5,000 டொலர் செலுத்துமாறு நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்கப்பட்டான் என்ற செய்தியை அவர் எடுத்துரைத்தார். சபையினர் கேட்டனர், வியந்தனர், அடுத்த அலுவலுக்குச் சென்றனர். கேட்டதை எழுதிய சுருக்கெழுத்தாளரால் அவ்வாறு அடுத்த அலுவலுக்குச் செல்ல இயலவில்லை.

அவர் பாராளுமன்ற நூலகத்தில் தேடலானார். அங்கு அகப்பட்டது ஹென்றி வில்லியம் வுல்ப் என்ற ஆங்கிலேயர் 1893இல் வெளியிட்ட மக்கள் வங்கிகளைப் பற்றிய நூல். ஜெர்மனியில் ஊர்த்தலைவராக இருந்த றைபைசன் கமக்காரரை ஒன்றுசேர்த்து அமைத்த கடன் சங்கங்கள், நகரத்துக் கைத்தொழிலாளருக்காக ஷூல்சே அமைத்த சங்கங்கள், இத்தாலியில் லுசாத்தி தோற்றுவித்த மக்கள் வங்கிகள் யாவும் அந்நூலில் விரிவாகப் பேசப்பட்டிருந்தன. 1898இல் டெஜார்டான் வுல்புக்குக் கடிதம் எழுதினார். வுல்ப் பதில் எழுதியதோடு, ஐரோப்பாவில் இத்துறையில் உழைத்தோர் பலரின் முகவரிகளையும் அனுப்பி வைத்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் இந்தத் தபால்வழிக் கல்வி நடைபெற்றது. ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மிதியாத ஓர் அரசாங்க ஊழியர், தம் ஓய்வு நேரத்தில், தபாற் செலவையன்றி வேறு செலவின்றி, தம் காலத்து ஐரோப்பிய நிதிச் சிந்தனையின் ஒரு பகுதியைக் கரைத்துக் குடித்தார் என்பது வியப்புக்குரியது.

அதே காலத்தில் அதே ஐரோப்பிய அனுபவத்தைச் சென்னை அரசாங்கத்தின் சார்பில் ஆராய்ந்தவர் பிரடரிக் நிக்கல்சன். அவருடைய நீண்ட அறிக்கை 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் வெளிவந்தது; 1904இல் இந்தியாவில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1911இல் அதனையொத்த சட்டம் வந்தது. ஒரே ஊற்றிலிருந்து இரு வாய்க்கால்கள் பிரிந்தன. அவை ஓடிய நிலம் வேறு வேறாக இருந்ததை இனிக் காண்போம்.

1900ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆந் திகதி மாலையில் லெவியின் குடிமக்கள் ஏறத்தாழ நூற்றுமுப்பதுபேர் கூடி, டெஜார்டான் வரைந்த விதிகளின் கீழ்க் கையொப்பமிட்டனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கேஸ் பொப்பியுலேர்'. தமிழில் மக்கள் பணப்பெட்டி எனலாம். 1901 ஜனவரி 23ஆந் திகதி பெட்டி திறக்கப்பட்டது. முதலில் விழுந்த தொகை பத்துச் சதம். அன்றைய மொத்த வரவு 26 டொலர் 40 சதம்.

விதிகளைச் சற்று உன்னிப்பாக நோக்குதல் வேண்டும். இவ்வரலாற்றின் உயிர் அங்கேதான் உள்ளது. ஒரு பங்கின் விலை 5 டொலர். அன்றைய கூலிக்காரனுக்கு அது பல நாட் சம்பளம். ஆதலால் அதனைச் சிறுசிறு தவணைகளாகச் செலுத்த இடமளிக்கப்பட்டது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கே. ஒரு கோயிற்பற்றின் எல்லைக்குள் வாழ்வோரே அங்கத்தவராகலாம். ஏனெனில் கடன் கேட்பவனின் நிலத்தைக் காட்டிலும் அவனுடைய நடத்தையே ஈடாகக் கொள்ளப்பட்டது. நடத்தையை அறிய அயலவனாக இருத்தல் வேண்டுமல்லவா? கடன் வழங்குவதைத் தீர்மானிக்க ஒரு குழு; கணக்கையும் நிர்வாகத்தையும் மேற்பார்வை செய்ய வேறொரு குழு. இவ்விரு குழுவினரும் தாம் கடன் பெறுதல் கூடாது என விலக்கப்பட்டனர். பணப்பெட்டியின் சாவி யார் கையில் உள்ளதோ அவர் கை அப்பெட்டிக்குள் நுழையாதிருக்க இதனைவிட எளிய ஏற்பாடு வேறு யாது? நம் ஊர்ச் சங்கங்கள் பல எவ்வாறு சீரழிந்தன என்பதை நினைவிற் கொண்டோர் இந்த ஒரு விதிக்காகவே அம்மனிதரைப் பாராட்டுவர்.

றைபைசன் முறையில் ஒரு சங்கம் முறிந்தால் ஒவ்வோர் அங்கத்தவனும் தன் முழுச்சொத்தாலும் பொறுப்பாளி. டெஜார்டான் இதை ஏற்கவில்லை. செலுத்திய பங்கின் அளவுக்கே பொறுப்பு என வரையறுத்தார். கியூபெக் கமக்காரன் முடிவில்லாத பொறுப்பை ஏற்கும் துணிவுடையவன் அல்லன் என்பதை அவர் அறிந்திருந்தார். பிறநாட்டுச் சரக்கை அப்படியே இறக்காது, தம் மக்களின் இயல்பறிந்து திருத்தியமைத்த இடம் இது.

ஆயின், பொறுப்பு வரையறுக்கப்பட்டது விதிக்கொப்பியில் மட்டுமே. அதனை ஏற்கும் சட்டம் எதுவும் நாட்டில் இருக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அச்சங்கம் ஒரு பொருளே அன்று. பணம் தொலைந்தால் டெஜார்டானின் வீடும் தளபாடமும் பறிபோயிருக்கும். இந்த இடத்தில்தான் நூல்கள் நெடுங்காலம் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது.

டோறிமேன் றுவா 1858இல் சோறெல் என்னும் ஊரில் பிறந்து, 1879இல் டெஜார்டானை மணந்தவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று மூவரை இளமையிலே இழந்தவர். பாராளுமன்றம் கூடும் மாதங்களில் கணவர் ஒட்டாவாவில். பெட்டியோ லெவியில், அவர்களுடைய வீட்டில். வைப்புப் பணத்தை வாங்கியது யார், வட்டியைக் கணக்கிட்டது யார், தவணை தப்பியவனைக் கூப்பிட்டுப் பேசியது யார் என்று கேட்டால் விடை வெளிப்படை. 1903ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் முகாமையின் பாரம் பெரிதும் அவர்மீதே இருந்தது. கியூபெக்கின் அக்காலக் குடியியற் சட்டப்படி மணமான பெண் கணவனின் அனுமதியின்றித் தன் பெயரால் ஓர் ஒப்பந்தம் செய்ய இயலாது. ஊரார் பணத்தைப் பொறுப்பேற்று நடத்திய ஒருத்திக்குத் தன் பணத்தைத் தானே ஆளும் உரிமை இல்லை! அச்சட்டம் முற்றாகத் திருத்தப்பட 1964ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. மாகாணத் தேர்தலில் வாக்குரிமை 1940இற் கிடைத்தது. டோறிமேன் 1932இல் இறந்துவிட்டார்.

சங்கம் முறிந்தால் குடும்பம் தெருவுக்கு வரும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அதனை அவர் கணவரிடம் மறைக்கவுமில்லை. அச்சத்தோடேயே கணக்கை எழுதினார். வீரம் என்றால் வாளேந்துவது என்று பாடப்புத்தகத்தில் கற்பிக்கும் நாம், இத்தகைய வீரத்துக்கு ஒரு பெயரும் வைத்திருக்கவில்லை. மிக நெடுங்காலம் கழித்தே அவ்வியக்கம் அவரை இணை நிறுவுநர் என்று பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியது.

1906 மார்ச்சில், லோமே குவான் முதலமைச்சராக இருந்தபோது, கியூபெக் சட்டசபை கூட்டுறவுச் சங்கங்களை ஏற்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்தாண்டு நெஞ்சிடி நீங்கியது. நாடு முழுவதற்குமான சட்டமொன்றைப் பெற டெஜார்டான் ஒட்டாவாவில் முயன்றார். 1908இல் மசோதா கீழ்ச்சபையில் ஏகமனதாக நிறைவேறியது. செனற் சபையில் ஒரேயொரு வாக்கினால் தோற்றது. சில்லறை வணிகர் சங்கத்தின் எதிர்ப்பு இதன் பின்னே நின்றது. மக்கள் தம் பணத்தைத் தாமே ஆளப் பழகினால் நாளை கடையையும் தாமே நடத்துவர் என்று அவர்கள் பயந்தனர். அவர்களுடைய பயம் நியாயமானதே. தம் வர்க்க நலனை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர்.

டெஜார்டானை ஒரு புரட்சியாளராக யாரும் எண்ணிவிடலாகாது. அவர் பழைமைக் கட்சியின் அனுதாபி, ஆழ்ந்த கத்தோலிக்கர், 1913இல் பாப்பரசரிடம் விருது பெற்றவர். பொதுவுடைமைக் கருத்துக்கள் தொழிலாளரிடம் பரவாது தடுக்கவும் இச்சங்கங்கள் உதவும் என்பது அவருடைய நம்பிக்கைகளில் ஒன்று. மேற்றிராணியாரின் ஆதரவு முதலிலிருந்தே இருந்தது. பல கிராமங்களில் பங்குத் தந்தையே தலைவர் அல்லது முகாமையாளர். பெட்டி அவருடைய அறைவீட்டிலேயே இருந்தது. குருவானவர் எழுத்தறிந்தவர், ஊராரின் நம்பிக்கைக்குரியவர் என்பதால் இயக்கம் விரைந்து பரவியது. அதே காரணத்தால், பாவசங்கீர்த்தனம் கேட்டவரிடமே கடனும் கேட்க வேண்டிய நிலை ஏற்பட்டது. நடத்தையே ஈடு என்னும் விதியின் மறுபக்கம் இது. குடிகாரன் என்று பெயரெடுத்தவனுக்கு, கோயிலுக்கு வராதவனுக்கு, வேலைநிறுத்தத்தில் முன்னின்றவனுக்கு அயலாரின் நன்மதிப்பு எவ்வளவு கிடைத்திருக்கும்? கடன் பயன்தரும் காரியத்துக்கே கொடுக்கப்படும், வாழ்க்கைச் செலவுக்குக் கடன் படுவது ஒழுக்கக்கேடு என்ற கண்டிப்பும் இருந்தது. பசுவுக்குக் கடன் உண்டு. வேலையிழந்த மாதத்தின் பாணுக்கு இல்லை. சிக்கனம் ஏழையை உயர்த்தும் என்ற போதனையைச் சம்பளம் போதாதவனுக்கு உபதேசிப்பதில் உள்ள கொடுமையை அவர்கள் உணர்ந்ததாகத் தோன்றவில்லை.

இக்குறைகளைக் கூறிய பின்னரும் ஒன்றை மறுக்க இயலாது. நாட்கூலியின் மகனுக்கும் நொத்தாரிசுக்கும் ஒரே வாக்கு என்ற சபையில் கணக்கு வாசிக்கப்பட்டது. அது பிரெஞ்சு மொழியில் வாசிக்கப்பட்டது. தன் மொழியில் பணத்தைப் பற்றி வாதிடும் உரிமையை அம்மக்கள் முதன்முதலாக அங்கே பயின்றனர்.

எல்லைக்கு அப்பால் நடந்தது இன்னும் சுவையானது. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் அமோஸ்கேக் கம்பெனியின் பஞ்சாலைகள் மெரிமக் நதியோரம் நிரையாக நின்றன. உலகின் மிகப்பெரிய பஞ்சாலைத் தொகுதி என்று சொல்லப்பட்ட அதில் உச்சக் காலத்தில் ஏறத்தாழ 17,000பேர் வேலை செய்தனர். அவர்களில் பலர் கியூபெக்கிலிருந்து வந்தோர். நதியின் மேற்கரையில் சென். மேரி கோயிற்பற்றின் குருவானவர் பியேர் எவே டெஜார்டானை அழைத்தார். 1908 நவம்பர் 24ஆந் திகதி அங்கு ஒரு சங்கம் திறக்கப்பட்டது. 1909 ஏப்ரலில் மாநிலம் அதற்குத் தனிச்சட்டம் வழங்கியது. யோசெப் புவாவின் என்ற வழக்கறிஞரின் வீடே காரியாலயம். ஆலைச்சங்கு ஊதி வேலை முடிந்தவர் மாலையில் வந்து பணம் கட்டினர். ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது நாணய சங்கம் இதுவே. 1922இல் கூலிக் குறைப்பையும் வேலைநேர அதிகரிப்பையும் எதிர்த்து ஒன்பது மாத வேலைநிறுத்தம் நடந்தது. 1930களின் நடுப்பகுதியில் கம்பெனியே முறிந்து ஆலைகள் மூடப்பட்டன. ஆலை போயிற்று, ஆலைத் தொழிலாளரின் பணப்பெட்டி நின்றது. சென். மேரி வங்கி என்ற பெயரில் அது இன்றும் நடக்கின்றது. புவாவினின் வீடு அரும்பொருட் காட்சிச்சாலையாகியுள்ளது.

அமெரிக்க இயக்கத்துக்குப் பெரும்பொருள் வழங்கியவர் பொஸ்டன் நகரத்து வணிகர் எட்வேட் பைலீன். அவருக்கு இவ்வெண்ணம் எங்கே தோன்றியது? 1907இல் அவர் இந்தியாவில் பிரயாணம் செய்தார். வங்காளத்தில் கூட்டுறவுப் பதிவாளராக இருந்த கூர்லேயுடன் கிராமங்களுக்குச் சென்று, கமக்காரரின் கடன் சங்கங்களை நேரிற் கண்டார். மசாசுசெற்ஸ் மாநிலத்தின் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆக்குவதில் அவரும் டெஜார்டானும் உதவினர். 1934இல் றூஸ்வெல்ற் கையொப்பமிட்ட கூட்டாட்சிச் சட்டம் நாடெங்கும் இதற்கு வழி திறந்தது. இன்று அங்கு 13 கோடிக்கு மேற்பட்டோர் இத்தகைய சங்கங்களின் அங்கத்தவர். கிழக்கு மேற்கிடம் கற்றது என்றே எப்போதும் எழுதுவோர் வங்காளக் கிராமத்தின் இப்பங்கையும் குறித்துக்கொள்வது நன்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இங்கு தோன்றிய ஐக்கிய நாணய சங்கங்கள் அரசாங்கப் பதிவாளரின் கையால் வளர்க்கப்பட்டவை. லெவியில் சங்கம் முந்தியது, சட்டம் பிந்தியது. இங்கோ சட்டம் முந்தி, சங்கம் பிந்தியது. மேலிருந்து வந்ததற்கு மேலேயே கண் இருந்தது. கணக்குப் பரிசோதகர் வரும் நாளை எதிர்பார்த்தே கொப்பி எழுதப்பட்டது. 1961இல் மக்கள் வங்கி அமைக்கப்பட்டபோது கூட்டுறவு இயக்கத்தின் பெயராலேயே அது அமைக்கப்பட்டது. ஆயினும் அது அரசாங்க வங்கியாகவே வளர்ந்தது. இதனால் நம்மவர் கூட்டுறவுக்குத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டுவது மடமை. சட்டமுமின்றிப் பதிவாளருமின்றி எத்தனையோ தலைமுறையாகச் சீட்டுப் பிடித்து வந்தவர்கள் நாம். அதைப் பெரும்பாலும் நடத்தியோர் பெண்கள். ஆனால் 'ஊர்' என்ற அடித்தளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். லெவியின் கோயிற்பற்றில் ஏழையும் செல்வனும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தனர். நம் ஊரில் சங்கக் கூட்டம் யார் வீட்டுத் திண்ணையில் கூடியது? அத்திண்ணையில் ஏறி இருந்தவர் யார், முற்றத்தில் நின்றவர் யார்? நடத்தையே ஈடு என்ற விதியைச் சாதி பார்த்து நடத்தையை அளக்கும் ஊரில் நாட்டினால், அவ்விதி ஏழைக்குத் திறக்கும் கதவா, அடைக்கும் கதவா? நாணய சங்கங்களின் நூற்றாண்டு மலர்களில் இக்கேள்விக்கு இடமில்லை.

டெஜார்டான் 1920 அக்டோபர் 31ஆந் திகதி இறந்தார். சிறுநீரக நோய் அவரைப் பல ஆண்டுகள் வருத்தியது. படுக்கையிலிருந்தும் சங்கங்களுக்குக் கடிதம் எழுதினார். தனித்தனியே நிற்கும் சங்கங்களை ஒரு சமாசமாக இணைக்க வேண்டும் என்பதே இறுதி விருப்பம். அப்பொழுது கியூபெக்கில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்கின. முதலில் பிரதேச ஒன்றியங்களும், 1932இல் மாகாணச் சமாசமும் உருவாயின. ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் சுதந்திரத்தை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை; 1945இல் மொன்றியற் சங்கங்கள் சில பிரிந்தும் சென்றன. வாழ்க்கைச் செலவுக் கடனைப் பற்றிய பழைய கண்டிப்பு 1960கள் வரை நீடித்தது. இதனால் வட்டிக் கம்பெனிகளின் பிடியிற் சிக்கியோர் தொழிலாளரே. அவர்களுக்குக் கைகொடுத்தவை தொழிற்சங்கங்கள். 1971இல் தொழிற்சங்கத்தார் கியூபெக் நகரில் தமக்கென ஒரு சங்கத்தையே அமைத்தனர். வேலைநிறுத்தத்தில் முன்னின்றவனுக்கு இடமேது என்று மேலே கேட்டோம். எழுபதாண்டு கழித்துக் கிடைத்த விடைகளில் இது ஒன்று.

இன்று டெஜார்டான் இயக்கம் வட அமெரிக்காவின் மிகப்பெரிய கூட்டுறவு நிதி நிறுவனம். காப்புறுதி, முதலீடு, கடனட்டை யாவும் அதனிடம் உண்டு. எண்பதுகளின் பின் மொன்றியலில் குடியேறிய நம்மவர்க்கும் அதன் பச்சைப் பெயர்ப்பலகை பழக்கமானதே. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த உள்ளூர்ச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இருநூறு அளவிற் குறைந்துவிட்டன. 2001இல் பிரதேச ஒன்றியங்கள் ஒரே சமாசத்துள் கரைந்தன. 2019இல் ஊழியர் ஒருவர் வழியாக அங்கத்தவரின் சொந்த விபரங்கள் வெளியே கசிந்தன. ஏறத்தாழ 97 இலட்சம் பேரின் விபரங்கள் அதில் அகப்பட்டன எனப் பின்னர் தெரியவந்தது. ஒரு கோயிற்பற்றுக்குள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்த காலத்தில் அயலவனின் கடன் விபரம் கசிந்தால் ஊர் வாய்க்கு ஒரு கதை கிடைத்திருக்கும், அவ்வளவே.

சிறு கிராமங்களில் கருமபீடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. காசு எடுக்கும் இயந்திரமும் சில இடங்களில் அகற்றப்படுகின்றது. முதியோர் அடுத்த பட்டினத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. லெவியில் டோறிமேன் கணக்கெழுதிய வீடு பழுதுபார்க்கப்பட்டு, பார்வையாளருக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி மட்டும் இன்னும் மாற்றப்படவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் கிராமத்தவர் எழுந்து, எங்கள் கருமபீடத்தை ஏன் மூடினீர்கள் என்று முகாமையாளரைக் கேட்கின்றனர்.